வளர்ற பையன், ரெண்டு சைஸ் பெரிசா எடு

துணியைக் கண்ணால் பார்க்கத் தெரியாதவன் நான். விரலால்தான் பார்ப்பேன். எதிரில் வருகிறவர் சட்டை ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து ஒரு தேய்ப்புத் தேய்த்தால் போதும். “180 ஜி.எஸ்.எம்., சிங்கிள் ஜெர்சி, காம்பாக்டிங் சரியில்லை, ரெண்டு துவைப்பில் பக்கத் தையல் தொப்புளுக்கு வந்துவிடும்” என்று வாய் தானாகச் சொல்லிவிடும். திருப்பூர் எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் க்யூ.சி.யாக ஆயுசைக் கழித்தவனுக்கு இது தொழில் வியாதி. காங்கயம் ரோட்டு மண்டபம் ஒன்றில் கல்யாண மாப்பிள்ளைக்குக் கை கொடுக்கப் போய், அவர் கோட்டுக் கையைத் திருப்பி உள்தையலைப் பார்த்துவிட்டேன். அதிலிருந்து விசேஷ வீடுகளில் என் வலது கை வீட்டுக்காரம்மாவின் பிடியிலேயே இருக்கும். பார்க்கிறவர்கள் இந்த வயசிலும் எவ்வளவு அன்யோன்யம் என்கிறார்கள்.

இப்படிப்பட்ட நிபுணனிடம் மகள் ஒரு பொறுப்பைக் கொடுத்ததில் ஆச்சரியமில்லை. அவளும் மாப்பிள்ளையும் பேரனும் கனடாவில் பிராம்ப்டன் வாசிகள். ஜூலை லீவுக்கு வந்தபோது துணிமணிப் பெட்டிகளோடு கறுப்பாக ஒரு பையும் வந்து இறங்கியது. சக்கரம் வைத்த பை. பேரன் உள்ளே படுத்துத் தூங்கலாம், தலையணைக்கும் இடம் மிஞ்சும்.

“அப்பா, இவனோட ஐஸ் ஹாக்கி சாமான் பூரா இதுல இருக்கு. இவங்கப்பாவோடதும் இருக்கு. செப்டம்பர்ல சீசன் ஆரம்பம். எது இன்னொரு வருஷம் தாங்கும், எது புதுசு வாங்கணும்னு நீங்கதான் பார்த்துச் சொல்லணும். அங்க கடைக்காரன்கிட்டக் கேட்டா எல்லாமே புதுசு வாங்குங்கறான்.”

மாப்பிள்ளையும் ஆடுகிறார் என்பது எனக்குப் புதுச் செய்தி. ஆபீஸ் முடிந்தபின் நண்பர்களோடு ராத்திரி பதினோரு மணிக்கு ஆடும் ஆட்டமாம். அதற்கு ‘பீர் லீக்’ என்று பெயராம். மாமனார் என்ற முறையில் மேற்கொண்டு விளக்கம் கேட்கவில்லை.

நான் இன்ஸ்பெக்‌ஷன் ஷீட் எடுத்து மூன்று கட்டம் போட்டேன்: அளவு, பாதுகாப்பு, உழைப்பு. பழைய பழக்கத்தில் ஓரமாக கிரிட்டிக்கல், மேஜர், மைனர் என்றும் கோடு கிழித்துக்கொண்டேன். தையல் கோணினால் மைனர், கை ஒன்று நீளம் ஒன்று குட்டை என்றால் மேஜர், பீஸுக்குள் ஊசித் துண்டு கிடந்தால் கிரிட்டிக்கல். ஒரு பீஸில் கிரிட்டிக்கல் வந்தால் மொத்த லாட்டும் நிற்கும். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பேனா மூடியைக் கழற்றி, பையின் ஜிப்பை இழுத்தேன்.

இந்த மூக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நொய்யல் ஆறு எந்த நிறத்தில் ஓடுகிறது என்பதைப் பார்த்து, அன்றைக்கு எந்தப் பையருக்கு எந்தக் கலர் ஓடுகிறது என்று சொல்லக்கூடிய காலத்தில் வளர்ந்த மூக்கு இது. 2011ல் ஹைகோர்ட் உத்தரவில் சாயப்பட்டறைகள் மூடப்பட்டு, கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடக்கூடாது என்ற ஏற்பாடு வரும் வரைக்கும் எல்லாவற்றையும் முகர்ந்து பழகியது. அதுவே அன்றைக்கு ஓரடி பின்வாங்கியது.

வீட்டுக்காரம்மா சமையல்கட்டிலிருந்து, “ஏனுங்க, எலி ஏதாச்சும் செத்துக் கெடக்குதா பாருங்க” என்றாள்.

எலி இல்லை. கையுறை. ஹாக்கி ஆடுகிறவர்களுக்கு உலகம் முழுக்க இந்த வாசனை உண்டாம். உள்ளே இருக்கும் ஃபோம் வேர்வையைக் குடித்துவிட்டு வெளியே விடாது. ஆட்டம் முடிந்து ஈரத்தோடு பையில் அடைத்து ஜிப்பை மூடினால் கிருமிகளுக்கு நித்தியக் கல்யாணம். “அங்கெல்லாம் கேரேஜ்ல வெச்சிருவோம்மா” என்றாள் மகள். “கேரேஜ் இல்லாத வீட்டுக்கு எதுக்குக் கண்ணு கொண்டாந்தே?” என்றாள் தாய். வாஷிங் மெஷினில் போட்டு அலச, டிரையரில் காய வைக்க யோசனை சொன்னேன். கூடாதாம். சூட்டில் ஃபோம் இறுகிவிடும், கையுறையின் உள்ளங்கைத் தோல் வெடித்துவிடும். கையால் அலசி நிழலில் காத்தாட உலர்த்த வேண்டும்.

வீட்டுக்காரம்மா பூந்திக்கொட்டையை ஊறவைத்து நுரைத்து, ஒவ்வொன்றாகத் துடைத்து மொட்டை மாடியில் பரப்பினாள். ஆடி மாசம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று பல்லடம் பக்கத்துக் காற்றாடிகளைச் சுழற்றிவிட்டு மிச்சத்தை எங்கள் மாடிக்கு அனுப்பும். ஆடிக் காத்தில் அம்மி பறக்குமோ என்னவோ, ஷோல்டர் பேட் பறக்கிறது. இரண்டு வீடு தள்ளி வற்றல் காய வைத்திருந்த அம்மாள், வானத்திலிருந்து தலையில்லாத ஒரு நெஞ்சு வந்து விழுந்ததாகத் தெருவெல்லாம் சொல்லியிருக்கிறார்.

சாமான் காய்ந்து மனுஷ வாசனைக்குத் திரும்பியதும் வேலை ஆரம்பம். முதலில் ஜெர்சி. என் சொந்த மைதானம்.

இரண்டு இருந்தன. பேரனுடைய டீம் ஜெர்சி ஒன்று. பாலியஸ்டர் மெஷ், எடை குறைவு, தோள்பட்டையில் மட்டும் இரட்டைத் துணி. ஜி.எஸ்.எம். கட்டரை வைத்து ஒரு வட்டம் வெட்டி எடுத்துத் தராசில் போட்டால் கணக்குச் சுத்தமாகத் தெரியும். 100 சதுர சென்டிமீட்டர் வட்டம், வருகிற கிராமை நூறால் பெருக்கினால் முடிந்தது. கட்டரைத் துணிமேல் வைத்து அமுக்கப் போன நேரத்தில் பேரன் போட்ட கூச்சலில், தரையைத் துடைத்துக்கொண்டிருந்த பெண் வாளியைப் போட்டுவிட்டாள். நம்பர் போட்ட ஜெர்சியில் ஓட்டை விழுந்தால் டீமில் சேர்க்க மாட்டார்களாம். எடையை விரலாலேயே பார்த்து எழுதிக்கொண்டேன்.

இன்னொன்று மாப்பிள்ளையுடையது. டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணியினுடையது, அசல் பீஸ், 200 டாலருக்கு மேல் விலை. நம்ம பணத்தில் 12,000 ரூபாயைத் தாண்டும். உள்ளே வெளியே திருப்பிப் பார்த்தேன். தையல் குறை சொல்ல முடியாதபடி இருந்ததில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் முதுகுப் பக்கம் உள்ளே, இடுப்புக்குமேல், கெட்டியாக ஒரு பட்டை தொங்கியது. நுனியில் கொக்கிக்குப் பதில் ஒட்டிப் பிரிக்கிற வெல்க்ரோ. கேர் லேபிள் இல்லை, ஹேங்கர் லூப் இல்லை. ஃபேக்டரியில் வெட்ட மறந்த உபரித் துண்டு என்று முடிவு கட்டி ‘மேஜர்’ என்று எழுதினேன்.

“அது ஃபைட் ஸ்ட்ராப், அப்புச்சி” என்றான் பேரன். “சண்டை வந்தா ஜெர்சி கழறக்கூடாதுல்ல? அதுக்காக பேன்ட்டோட சேர்த்துக் கட்டறது.”

வேடிக்கை இல்லை, நிஜம். பஃபலோ சேபர்ஸ் அணியில் ராப் ரே என்று ஒருவர் 1990களில் இருந்தார். சண்டை மூண்டதும் ஜெர்சியையும் உள்ளே இருக்கிற பேடையும் உதறிவிட்டு வெற்று மேனியாக நிற்பார். எதிராளிக்குப் பிடிக்க எதுவும் கிடைக்காது, அவர் கைக்கு மட்டும் எதிராளியின் ஜெர்சி வசமாகக் கிடைக்கும். வட அமெரிக்க ஹாக்கி லீக்கான என்.எச்.எல். நிர்வாகம் யோசித்தது. சண்டையை நிறுத்தவில்லை. பட்டையைக் கட்டாமல் சண்டையில் ஜெர்சி கழன்றால் ஆளை வெளியே அனுப்பு என்று விதி போட்டது. நானும் எத்தனையோ நாட்டுப் பையர்களின் ஸ்பெசிஃபிகேஷன் ஷீட் படித்திருக்கிறேன். பட்டன் இழுவை இத்தனை நியூட்டன் தாங்க வேண்டும், சிசு வாயில் வைத்தால் சாயம் இறங்கக் கூடாது என்றெல்லாம் இருக்கும். அடிதடிக்கு என்று ஒரு உதிரி பாகத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“குடும்பத்துல வளர்ற புள்ள ஆடற ஆட்டமா இது?” என்று வீட்டுக்காரம்மா மாப்பிள்ளையை நேராகப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக் கேட்டாள். அவரும் சுவருக்கே பதில் சொன்னார். சின்னப் பிள்ளைகள் ஆட்டத்தில் உடம்போடு மோதுவதே கூடாது, 2013லேயே ஹாக்கி கனடா பன்னிரண்டு வயசு வரைக்கும் அதைத் தடுத்துவிட்டது என்றார். சுவர் சமாதானமானது.

அடுத்து சாக்ஸ். நல்ல பின்னல், தொடை வரைக்கும் நீளம், கோடுகள் சுற்றிலும் ஒழுங்காகச் சேர்ந்திருக்கின்றன. கீழே போகப் போக… பாதம் இல்லை. குதிகாலும் இல்லை. இரண்டு பக்கமும் திறந்த குழாய். இத்தனை தூரம் பின்னிவிட்டு விரல் மூடாமல் அனுப்பியிருக்கிறான் என்றால் அந்த லைன் சூப்பர்வைசருக்கு எவ்வளவு துணிச்சல்! ஹாக்கி சாக்ஸே அப்படித்தானாம். ஷின் கார்டுக்குமேல் மாட்டுவதற்கு மட்டும், பாதத்துக்கு உள்ளே வேறு சாக்ஸ். ஒரு சிங்கிள் ஜெர்சித் துணியைக் குழாயாகவே மெஷினில் ஓட்டி வெட்டினால் ஆயிற்று. சைடு தையல்கூட வேண்டாம். இதை டாலருக்கு விற்கிறார்கள். எனக்கு அன்றைக்கு மத்தியானம் தூக்கம் வரவில்லை.

இனிமேல்தான் வம்பு. அளவு.

எங்கள் ஊரில் குழந்தைக்குத் துணி எடுப்பதற்கு ஒரே சூத்திரம்: வளர்ற பையன், ரெண்டு சைஸ் பெரிசா எடு. என் பள்ளிக்கூட டவுசர் மூன்று மடிப்போடு வந்தது. வருஷத்துக்கு ஒரு மடிப்புப் பிரிக்கப்படும். பிரித்த இடத்தில் கலர் கருக்காகவும் மற்ற இடம் வெளுத்தும் இருக்கும். அந்தக் கோடுகளை எண்ணினால் நான் எத்தனையாம் வகுப்பு என்று சொல்லிவிடலாம். காதர்பேட்டையில் செகண்ட்ஸ் பீஸ் எடுக்கிறவர்கூடக் குழந்தையைக் கூட்டி வரமாட்டார். கையை அந்தரத்தில் வைத்து “இவ்வளவு உசரம் இருப்பான்” என்பார், கை கொஞ்சம் மேலேயே நிற்கும். இந்தச் சூத்திரத்தின்படி நான் ஷீட்டில் எல்லா சாமானுக்கும் நேராக ‘பிளஸ் ரெண்டு இஞ்ச்’ என்று எழுதினேன்.

பேரன் பொறுமையாகப் பாடம் எடுத்தான். ஸ்கேட் வாங்கும்போது நடக்கிற ஷூ சைஸை விட ஒன்றோ ஒன்றரையோ குறைத்து வாங்க வேண்டும். நிமிர்ந்து நின்றால் கால் விரல் முன்பக்கத்தைத் தொட்டும் தொடாமல் இருக்கணும், முழங்காலை மடக்கினால் குதிகால் பின்னால் போய் அசையாமல் உட்காரணும். கடையில் ஸ்கேட்டை அடுப்பில் வைத்துச் சூடாக்கி, இளகியதும் காலை விட்டு இறுக்கிக் கட்டி உட்கார வைப்பார்களாம். ஆறும்போது காலின் அச்சுக்கு இறுகிவிடும். ஹெல்மெட் புருவத்துக்குமேல் ஒரு விரல் இடைவெளி. ஷின் கார்டின் கிண்ணத்துக்கு நடுவில் முட்டி, கீழ் ஓரம் ஸ்கேட்டின் மேல் விளிம்பு வரைக்கும். எல்போ பேட் முடிகிற இடத்தில் கையுறை ஆரம்பிக்கணும். பேன்ட் ஷின் கார்டின் தலைக்குமேல் கொஞ்சம் படரணும். ஒவ்வொரு சாமானும் அடுத்த சாமானின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

“கொஞ்சம் லூசா இருந்தா என்னடா? காத்தோட்டமா இருக்கும்” என்றேன்.

அவன் அப்பாவின் எல்போ பேடை எடுத்துத் தன் கையில் மாட்டிக்கொண்டான். என் சூத்திரப்படி அவன் கல்லூரிக்குப் போகும் வரைக்கும் போதுமான பேட். ஸ்டிக்கை ஒரு வீசு வீசினான். கிண்ணம் சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்துவிட்டது, முழங்கை எலும்பு வெளியே வந்து என்னை எட்டிப் பார்த்தது. “இந்த இடத்துலதான் அப்புச்சி விழுவேன்” என்றான்.

எங்கள் தொழிலில் அரை இஞ்ச் கூடக் குறைய இருந்தால் டாலரன்ஸ் என்று விட்டுவிடுவோம். பையரும் விட்டுவிடுவார், பிரிட்டனில் இருக்கிற வாடிக்கையாளர் அதைப் போட்டுக்கொண்டு டீ குடிக்கத்தான் போகிறார். ஹாக்கியில் அந்த அரை இஞ்சைத் தேடிக்கொண்டு பக் வருகிறது. ஒரு இஞ்ச் தடிமன், மூன்று இஞ்ச் விட்டம், கெட்டியாக்கிய ரப்பர் வட்டு. எடை 156 முதல் 170 கிராம். எகிறிக் குதிக்காமல் இருப்பதற்காக ஆட்டத்துக்கு முன்னால் அதை உறைய வைப்பார்கள். ஜ்டெனோ சாரா என்ற ஆஜானுபாகு 2012ல் அதை அடித்த வேகம் மணிக்கு 175 கிலோமீட்டர். அவிநாசி ரோட்டில் கம்பெனி பஸ்கூட அந்த வேகத்தில் போய் நான் பார்த்ததில்லை.

“உள்ள ரெண்டு பனியன் சேர்த்துப் போட்டுக்கிட்டா டைட்டாயிரும்ல?” என்றேன். யாரும் பதில் சொல்லவில்லை.

பாதுகாப்புச் சோதனையை நானே உடம்பில் போட்டுப் பார்ப்பது என்று தீர்மானித்தேன். மாப்பிள்ளையின் செட். உயரத்தில் அவர் என்னை ஜெயித்தாலும் சுற்றளவில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. முறை தெரியாமல் மேலிருந்து ஆரம்பித்தேன். ஷோல்டர் பேட், எல்போ பேட், ஜெர்சி, ஹெல்மெட், கையுறை. அதன்பின் குனிய முடியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் காலிலிருந்துதான் தொடங்குவார்களாம், ஸ்கேட் கட்டி முடித்தபின்தான் மேல் சாமான். வீட்டுக்காரம்மா முட்டி போட்டு ஷின் கார்டையும் பாதமில்லாத சாக்ஸையும் மாட்டிவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என் காலடியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அதையும் முனகிக்கொண்டே செய்தாள். ஹாலில் ஃபேன் முழு வேகத்தில் ஓடியும் கவசத்துக்குள்ளே எனக்குப் பங்குனி வெயில். எதிரில் என் முகத்துக்குக் கம்பிக் கூண்டு.

அந்த நேரம் பார்த்து மாரியம்மன் கோயில் ஆடி நோம்பிக்கு வரி கேட்டு நாலு பேர் வாசலுக்கு வந்தார்கள். கதவைத் திறந்தவன் நான். முன்னால் நின்றவர் ரசீதுப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, “அண்ணா… எங்கீங்க விழுந்தீங்க?” என்றார். சட்டைப் பைக்குள் கைவிட்டுப் பணம் எடுக்கப் பார்த்தேன். கையுறை போட்ட கைக்குள் ஒரு ரூபாய் நோட்டும் வராது, தவிர சட்டை நாலு அடுக்குக்கு உள்ளே இருந்தது. “இருக்கட்டுங்ண்ணா, ஒடம்பு சரியானப்புறம் வாங்கிக்கறோம்” என்று போய்விட்டார்கள். நோம்பி முடியும் வரை தெருவில் எனக்கு உட்காரச் சேர் போட்டார்கள்.

பேரன் டென்னிஸ் பந்தை ஸ்டிக்கால் அடித்தான். நெஞ்சில் பட்டது, ஒன்றும் தெரியவில்லை. முட்டியில் பட்டது, கிண்ணத்தில் டொக் என்ற சத்தம் மட்டும். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மகளைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்று திரும்பினேன். ஷின் கார்டு முன்பக்கத்துக்கு மட்டும்தான், கெண்டைக்காலுக்கு வெறும் சாக்ஸ்தான் என்பதை ஷீட்டில் ‘பாதுகாப்பு’ கட்டத்தில் உடனே பதிவு செய்தேன். கையெழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கும்.

ஹெல்மெட்டில் எனக்குப் பிடித்தது அதன் லேபிள். லேபிள் ஒழுங்காக இருந்தால் பாதி பீஸ் பாஸ். அமெரிக்கச் சான்றிதழ் ஸ்டிக்கர் ஒன்று, கனடாவின் சி.எஸ்.ஏ. முத்திரை ஒன்று. அமெரிக்கச் சான்றிதழுக்கு ஆயுள் தயாரித்த தேதியிலிருந்து ஆறரை வருஷம்தான். மாப்பிள்ளையின் ஹெல்மெட் அதைத் தாண்டி நிம்மதியாக ரிட்டயர்மென்ட் வாழ்க்கை வாழ்ந்துகொண்டிருந்தது. உள் ஃபோம் விரல் அமுக்கினால் எழும்பவில்லை. இந்தச் சாமானை யாராவது ஒழுங்காக மதிப்பெண் போட்டுப் பார்த்திருக்கிறார்களா என்று மாப்பிள்ளையைக் கேட்டேன். அமெரிக்காவில் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் 2015ல் 32 ஹெல்மெட்டுகளை மோதிப் பார்த்து ஸ்டார் கொடுத்தது. ஐந்துக்கு ஐந்து ஒன்றுமில்லை, நாலும் இல்லை. ஒன்றே ஒன்று மூன்று ஸ்டார் வாங்கியது. ஒன்பதுக்குச் சைபர். சந்தையில் ஏகக் கூச்சல். அப்புறம் கம்பெனிகள் உட்கார்ந்து வேலை செய்து, இன்றைக்கு ஐந்து ஸ்டார் வாங்குகிற ஹெல்மெட்டுகள் வந்துவிட்டன. எந்த ஹெல்மெட்டும் மண்டையைக் காக்கும், உள்ளே மூளை குலுங்குவதை முழுசாகத் தடுக்காது என்பதையும் அவர்களே சொல்கிறார்கள்.

ஒரு க்யூ.சி.யாக அந்தப் பல்கலைக்கழகத்துக்காரர்கள் மேல் எனக்கு மரியாதை வந்தது. முப்பத்திரண்டில் ஒன்றைக்கூட முழுசாகப் பாஸ் பண்ணாமல் வீட்டுக்குப் போகிற மனோதிடம் எனக்கு இருந்ததில்லை. ஷிப்மென்ட் தேதி என்று ஒன்று இருக்கிறதே. தவிர, எங்கள் ஊரில் டூ வீலர் ஹெல்மெட்டுக்கு ஐ.எஸ். 4151 என்று தரம் உண்டு. முத்திரை பார்த்துத்தான் வாங்குகிறோம். வாங்கியபின் பெட்ரோல் டேங்குக்கும் முழங்கைக்கும் போட்டுப் பாதுகாக்கிறோம். எங்கள் முழங்கைகளுக்கு ஐந்து ஸ்டார் கொடுக்கலாம்.

கழுத்துக்கு ஒரு பட்டை இருந்தது. சின்னது, பார்க்கப் பச்சைக் குழந்தையின் பிப் மாதிரி. சேர்க்காமல் தள்ளிவைக்கப் போனேன். மாப்பிள்ளை அதை எடுத்துத் திரும்ப என் முன்னால் வைத்தார்.

2023 அக்டோபர் 28. இங்கிலாந்தில் ஷெஃபீல்டில் நடந்த ஆட்டத்தில் நாட்டிங்ஹாம் அணியின் ஆடம் ஜான்சன் கழுத்தில் எதிரணி ஆட்டக்காரரின் ஸ்கேட் பிளேடு பட்டது. 29 வயசு. பிழைக்கவில்லை. அடுத்த ஜனவரியிலிருந்து இங்கிலாந்தில் கழுத்துக் காப்புக் கட்டாயம் என்றார்கள். சர்வதேச சம்மேளனமும் தன் போட்டிகளில் கட்டாயமாக்கியது. கனடாவில் பிள்ளைகளுக்கு அதற்கு ரொம்ப முன்னாலிருந்தே கட்டாயம். பெரியவர்கள்தான் உறுத்துகிறது, வேர்க்கிறது என்று போடாமல் இருந்தார்கள்.

பட்டையை விரலில் தேய்த்துப் பார்த்தேன். நிட் துணி. உள்ளே வெட்டுப்படாத நூல், அராமிட் வகை. 1965ல் ஸ்டெஃபானி க்வோலெக் என்ற அம்மையார் டூபாண்ட் கம்பெனியில் கண்டுபிடித்த கெவ்லார் அந்த வகைதான். எனக்கு உடனே எங்கள் கட்டிங் ஹால் ஞாபகம் வந்தது. அடுக்கடுக்காக விரித்த துணியில் மெஷின் கத்தி ஓடும். அதைத் தள்ளுகிற கட்டிங் மாஸ்டரின் இடது கைக்கு இரும்பு வளையங்களால் கோத்த கையுறை ஒன்று இருக்கிறது. இருக்கிறது என்றால், டிராயரில். ஆடிட் வருகிற காலையில் வெளியே வரும், பளபளவென்று. ஆடிட்டர் கார் கேட்டைத் தாண்டியதும் உள்ளே போய்விடும். ‘கைக்கு ஓட்டம் வரமாட்டேங்குதுங்க’ என்பார்கள். நானும் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி துணியின் ஷேடைப் பார்ப்பேன். ரெண்டு விரல் குறைந்த மாஸ்டர்கள் இந்த ஊரில் எத்தனை பேர் என்று அவர்களோடு கை குலுக்கியவர்களுக்குத் தெரியும். ஷீட்டில் அந்தப் பட்டைக்கு நேராக ‘கிரிட்டிக்கல்: புதுசு வாங்கவும்’ என்று எழுதினேன். வெல்க்ரோ ஒட்டாமல் தளர்ந்திருந்தது.

உழைப்பு விஷயத்தில் வீட்டுக்காரம்மா எனக்கு முன்னாலேயே சோதனையை முடித்திருந்தாள். மாப்பிள்ளையின் கார்பன் ஸ்டிக் 300 டாலர் சமாசாரம். உடம்பு எடை எத்தனை பவுண்டோ அதில் பாதி எண்ணுள்ள ஸ்டிக் எடுத்தால் சரியாக வளைந்து கொடுக்கும் என்பது அவர்கள் கணக்கு. எத்தனை வளைந்து கொடுத்தாலும் ஒரு சீசனிலேயே படக்கென்று முறியக்கூடிய ஜாதி. அதன் நுனியில் இருக்கிற வளைவைப் பார்த்ததும் வீட்டுக்காரம்மா பின்பக்கத்து முருங்கை மரத்துக்குக் கொண்டுபோய்விட்டாள். “தொரட்டிய விட லேசா இருக்குதுங்க, உச்சிக் காயெல்லாம் வருது” என்றாள். கடைகளில் இந்தத் தகவலைக் குறிப்பிடுவதில்லை.

சேராமல் போன சாமானை என்ன செய்வது என்ற பேச்சு வந்தது. பேரனுக்குப் போன வருஷத்து ஷோல்டர் பேட், ஷின் கார்டு, எல்லாம் நல்ல நிலையில் சிறிசாகிப் போய்க் கிடந்தன. மாப்பிள்ளை லடாக் கதையைச் சொன்னார். உறைந்த குளத்தில் ஆடுகிற ஊர். ஆரம்ப காலத்தில் பட்டாளத்து பூட்ஸுக்கு அடியில் இரும்புத் தகட்டைப் பிளேடாக வெட்டிப் பொருத்தி ஆடியிருக்கிறார்கள். கனடாவிலும் அமெரிக்காவிலும் பிள்ளைகளுக்குச் சிறிசாகிப்போன கவசங்கள் நன்கொடையாக லே வரைக்கும் போகின்றன. பெரும்பாலும் லடாக் பெண்களே இருக்கிற நம்முடைய மகளிர் அணி 2016ல் தைவானுக்குப் போக ஊர் உலகத்திடம் பணம் திரட்டியது. அடுத்த வருஷம் பாங்காக்கில் பிலிப்பைன்ஸை 4–3 என்று ஜெயித்தது. 2025ல் அல் ஐன் நகரில் ஆசியக் கோப்பையில் வெண்கலம் வாங்கிவிட்டது. யாரோ ஒரு பிள்ளைக்குச் சேராத பேடைப் போட்டு ஆடித் தேறியவர்கள் அதில் இருப்பார்கள். அளவு, அளவு என்று காலையிலிருந்து பேரன் நடத்திய பாடத்துக்கு நடுவில் எனக்கு இது ஒரு ஆறுதல். “பாத்தியா, பெரிசா இருந்தாலும் ஆடலாம்” என்றேன். “அவங்களுக்கு வேற இல்ல அப்புச்சி” என்றான்.

ராத்திரி ரிப்போர்ட்டைச் சுத்தப் பிரதி எடுத்து, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டு மகளிடம் கொடுத்தேன். புரட்டிவிட்டு, “அம்மா, நீ என்ன சொல்றே?” என்றாள்.

“தலை, கழுத்து, காலு. இந்த மூணுக்கும் புதுசா அளவா வாங்கீரு. மத்ததெல்லாம் இன்னொரு வருசம் ஓடும்” என்றாள் வீட்டுக்காரம்மா, முருங்கைக்காயை நறுக்கிக்கொண்டே. என் ரிப்போர்ட்டின் பதினோராம் பக்கத்திலும் ஏறக்குறைய அதுதான் இருந்தது.

எனக்குக் கிடைத்த வேலை ஒன்று மிஞ்சியது. பேரன் டீமுக்குப் பயிற்சி ஜெர்சி வேண்டுமாம், இங்கேயே தைத்து எடுத்துப் போகலாம் என்றாள் மகள். பழைய செல்வாக்கில் ஒரு எக்ஸ்போர்ட் நண்பரைக் கேட்டேன். “எத்தனை ஆயிரம் பீஸுங்க?” என்றார். பதினேழு என்றதும் லைன் கட்டாகிவிட்டது. பதினேழு பீஸுக்குச் சாயம் போட எந்த டையிங்காரர் அண்டாவைத் திறப்பார்? நல்லவேளையாகப் பாலியஸ்டரில் பிரின்ட் அடிக்கிற கடைகள் இப்போது தெருவுக்குத் தெரு. கிரிக்கெட் டீமுக்கும் கபடி டீமுக்கும் ஒரு பீஸ் என்றாலும் போட்டுக்கொடுக்கிறார்கள். சாம்பிளுக்கு மாப்பிள்ளையின் ஜெர்சி, அளவுக்குப் பேரனைக் கவசத்தோடு நிறுத்தி எடுத்த சார்ட். இரண்டையும் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கடைக்காரத் தம்பி சார்ட்டை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார்.

“பையனுக்குப் பத்து வயசுன்னீங்க. மாருச் சுத்தளவு 44 போட்டிருக்கீங்களே… என்னங்கண்ணா சாப்பாடு போடறாங்க அங்க?”

உள்ளே கவசம் இருக்கிற கதையைச் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டே சாம்பிளை உள்ளே வெளியே திருப்பினார். தொழில்காரர், விரல் நேராகப் பட்டையில் போய் நின்றது.

“இது எதுக்குங்க?”

“சண்டை வந்தா சட்டை கழறாம இருக்கறதுக்கு. பேன்ட்டோட சேத்து மாட்டிக்கணும்.”

“பசங்களுக்கு வேணுமுங்களா?”

“வேண்டாம், அதை மட்டும் விட்டுரு.”

பட்டையை இழுத்து இழுத்துப் பார்த்தார். தையல் எங்கே ஆரம்பிக்கிறது என்று குனிந்து பார்த்தார். அப்புறம் கடைக்கு வெளியே யாரும் நிற்கவில்லை என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“அண்ணா, அடுத்த மாசம் எங்க அசோசியேசன் ஜெனரல் பாடிங்க. பட்டையோட ஒரு ஆறு பீஸ் தனியாப் போட்டுக்கலாமுங்களா?”